முதல் இருக்கை ஆசையிலிருந்து பணிவிடைக்கு: கிறிஸ்தவ வாழ்க்கையில் தாழ்மை பழக ஒரு முழுமையான வழிகாட்டி

சுவிசேஷங்களைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் ஒரு சங்கடமான விஷயம் கண்ணில் படும். இயேசு தம்முடைய மரணத்தைப் பற்றிப் பேசுகிற பல இடங்களில், சீஷர்கள் யார் பெரியவன் என்ற பேச்சை எடுக்கிறார்கள். மாற்கு 9-ல் அவர் தாம் கொலைசெய்யப்படப் போவதைச் சொல்கிறார்; கப்பர்நகூமுக்குப் போகிற வழியிலேயே அவர்களுக்குள் தர்க்கம். 10-ம் அதிகாரத்தில் எருசலேமில் தமக்கு நடக்கப்போவதை விவரமாகச் சொல்லி முடிக்கிறார். உடனே யாக்கோபும் யோவானும் வலதுபாரிசத்தையும் இடதுபாரிசத்தையும் கேட்டு வந்து நிற்கிறார்கள். லூக்கா 22-ல் அப்பத்தைப் பிட்டு, பாத்திரத்தைக் கொடுத்த அதே பந்தியில் மறுபடியும் அதே வாக்குவாதம்.

இவர்கள் எல்லாவற்றையும் விட்டு அவருக்குப் பின்னால் வந்தவர்கள். வலையை விட்டார்கள், படகை விட்டார்கள், ஆயத்துறையை விட்டார்கள். முதலிடத்தின் மேலிருந்த ஆசை மட்டும் கூடவே வந்துவிட்டது. இன்னும் சொல்லப்போனால், ஊழியத்துக்குள் வந்த பிறகுதான் அது நன்றாகத் தலையெடுத்தது. உலகத்தில் இருக்கும் பதவி ஆசையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஊழியத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வரும் ஆசைதான் ஆளை ஏமாற்றும். அதனால் இந்த வழிகாட்டி ‘இன்னும் அதிகமாக ஊழியம் செய்யுங்கள்’ என்று ஆரம்பிக்கவில்லை.

படி 1: ஆசை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

‘எனக்குப் பெருமை இருக்கிறதா?’ என்று உங்களையே கேட்டால் நல்ல பதில்தான் வரும். அந்தக் கேள்வியால் பிரயோஜனமில்லை. இயேசு சீஷர்களிடம் அப்படிக் கேட்கவும் இல்லை. “நீங்கள் வழியிலே எதைக்குறித்து உங்களுக்குள்ளே தர்க்கம்பண்ணினீர்கள்” என்றுதான் கேட்டார். நடந்த ஒரு சம்பவத்தைத் தொட்டுக் கேட்டார். அவர்களால் வாயைத் திறக்க முடியவில்லை.

நீங்களும் சம்பவங்களைப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு, மனது சுருக்கென்று குத்திய இடங்களை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நன்றியுரையில் எல்லாருடைய பெயரும் வந்து உங்கள் பெயர் மட்டும் விட்டுப்போனபோது என்ன ஆனது? உங்களுக்குப் பிறகு விசுவாசத்துக்கு வந்தவரிடம் பாடல் வேளையை நடத்தச் சொன்னபோது? நீங்கள் சொன்ன யோசனையை வேறொருவர் சொன்னதாக எல்லாரும் பாராட்டியபோது? கூட்டத்துக்கு உள்ளே நுழைந்ததும் கண் முதலில் எதைத் தேடியது, உட்கார இடத்தையா, யார் பார்க்கிறார்கள் என்பதையா?

இன்னொரு நல்ல சோதனை ஜெபக்குறிப்பு. ‘அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள், நான்தான் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன்’ என்ற வாக்கியத்தில் குடும்பம் எவ்வளவு இருக்கிறது, நான் எவ்வளவு இருக்கிறேன் என்று பிரித்துப் பாருங்கள்.

வேதத்தில் இந்த நோயின் முற்றிய நிலைக்குச் சவுல் ராஜா உதாரணம். ராஜ்யம் உன்னிடமிருந்து கிழிக்கப்பட்டது என்று சாமுவேல் சொல்லிவிட்டார். சவுலும் “நான் பாவஞ்செய்தேன்” என்கிறான். அதே மூச்சில், ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கெஞ்சுகிறான் (1 சாமுவேல் 15:30). ராஜ்யம் போனது பரவாயில்லை, பெரியவர்கள் முன்னால் மானம் போகக்கூடாது! எனக்கு வேதத்தில் பயம் தரும் வசனங்களில் இது ஒன்று.

புதிய ஏற்பாட்டில் தியோத்திரேப்பு. மூன்றாம் யோவான் நிருபம் அவனைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான்: முதன்மையாயிருக்க விரும்புகிறவன், அப்போஸ்தலரை ஏற்றுக்கொள்ளாதவன், பொல்லாத வார்த்தைகளை அலப்புகிறவன், வருகிற சகோதரரைச் சேர்க்காதவன், சேர்க்க விரும்புகிறவர்களையும் தடுத்து சபைக்குப் புறம்பாக்குகிறவன். அவனுடைய உபதேசம் தவறு என்று ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. சரியான உபதேசம் கையில் இருப்பதால் இந்த ஆசை நம்மை விட்டுப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

படி 2: நீங்கள் யார் என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். தாழ்மை என்றால் தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பது என்று எடுத்துக்கொண்டு, மனதைக் கசக்கிப் பிழிகிறார்கள். அதனால் தாழ்மை வராது, தாழ்வு மனப்பான்மைதான் வரும். தாழ்வு மனப்பான்மை உள்ளவருக்குப் பாராட்டுத் தேவை இன்னும் கூடும்.

யோவான் 13-ஐப் பாருங்கள். கால்களைக் கழுவ எழுந்திருப்பதற்கு முன்னால் யோவான் ஒரு வசனத்தை வைக்கிறார்: பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்ததையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் இயேசு அறிந்திருந்தார். அறிந்து, எழுந்தார். எழுந்து வஸ்திரங்களைக் கழற்றி வைத்து, ஒரு சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டார். எல்லாம் தம் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் அந்தக் கையால் அழுக்குக் காலைப் பிடிக்கிறார்.

அந்தக் காட்சியை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பந்தியில் ஆட்கள் சாய்ந்து படுத்தமாதிரி இருப்பார்கள். தலை பந்தியின் பக்கம், கால் வெளிப்பக்கம். காலைக் கழுவுகிறவர் பந்திக்கு வெளியே, ஒவ்வொருவருடைய முதுகுக்குப் பின்னால் போய்க் குனிய வேண்டும். சாப்பிடுகிறவர்களின் முகம் வேறு பக்கம் இருக்கும். செருப்பு மட்டும் போட்டு நடந்த கால்கள், மண் தெரு. இரண்டு மூன்று பேருக்குப் பிறகு பாத்திரத்துத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும்! அந்த வரிசையில் யூதாஸும் உண்டு. அவன் எழுந்து வெளியே போவது அதே அதிகாரத்தில், இதற்குப் பிறகுதான். தன்னைக் காட்டிக்கொடுப்பான் என்று தெரிந்தே அவனுடைய குதிகாலையும் துடைத்திருக்கிறார். இதை மனவுறுதியால் மட்டும் செய்ய முடியாது. தன் இடம் எது என்று தெரிந்தவருக்குத்தான் இடத்தை விட்டு எழுந்து வர முடியும்.

சரி, நமக்கு இது எப்படி வரும்? மத்தேயு 3-ல் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியதும் வானத்திலிருந்து சத்தம் வருகிறது: “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்.” அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு குருடன் கண்ணையும் திறக்கவில்லை. பிரியம் முதலில், வேலை அப்புறம். கிறிஸ்துவுக்குள் இருக்கிற ஒருவருக்கும் வரிசை இதுதான். காலை ஜெபத்தில் வேலைப்பட்டியலை எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம், எதையும் கேட்காமல், பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு நன்றி மட்டும் சொல்லிப் பழகுங்கள். ஆரம்பத்தில் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பே, நாம் எதையாவது செய்துதான் பெறுகிறோம் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதியதையும் இந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். பிலிப்பி ரோமக் குடியேற்ற நகரம். ரோமப் படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர், ரோமக் குடியுரிமையைப் பெருமையாகக் கொண்டாடிய ஊர். வகித்த பதவிகளையெல்லாம் வரிசையாகக் கல்லில் வெட்டிவைப்பது அங்கே வழக்கம். அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல் எதிர்த்திசையில் ஒரு வரிசையை எழுதுகிறார்: தேவனுடைய ரூபமாயிருந்தவர், தம்மைத்தாமே வெறுமையாக்கினார், அடிமையின் ரூபமெடுத்தார், மரணபரியந்தம், அதாவது சிலுவையின் மரணபரியந்தமும் கீழ்ப்படிந்தார். ஒவ்வொரு வரியும் ஒரு படி கீழே. அதே நிருபத்தின் 4-ம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு சகோதரிகளிடம் ஒருமனப்படும்படி கெஞ்சுகிறார். பவுலோடு சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள் அவர்கள். நல்ல ஊழியர்களுக்குள்தான் உரசல் வருகிறது.

படி 3: பெயர் ஒட்டாத வேலை ஒன்றைப் பிடியுங்கள்

ஒன்று போதும். ஐந்தாறு வேலைகளை எடுத்துக்கொண்டால் ‘எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்கிறவர்’ என்ற பெயர் கிடைத்துவிடும். பழைய ஆசைக்குப் புதுத் தீனி.

எப்படித் தேர்ந்தெடுப்பது? லூக்கா 14-ல், பந்தியில் தாழ்ந்த இடத்தில் உட்காரச் சொன்னதோடு இயேசு நிறுத்தவில்லை. விருந்து வைத்தவனிடமும் பேசினார்: சிநேகிதரையும் ஐசுவரியமுள்ள அயலகத்தாரையும் அழைக்காதே, உனக்குப் பதில் செய்ய முடியாதவர்களை அழை. அங்கேயே அளவுகோல் கிடைத்துவிடுகிறது. பதிலுக்கு எதுவும் தர முடியாத ஒரு மனிதர், மேடை இல்லாத ஓர் இடம், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய ஒரு வேலை. மூன்றாவதுதான் முக்கியம். ஒரே ஒருமுறை செய்யும் தியாகத்தில் ஒரு வீரம் இருக்கிறது. வாராவாரம் செய்தால் அந்த வீரம் ஆவியாகிவிடும், வேலை மட்டும் மிஞ்சும்.

படுக்கையில் இருக்கும் ஒரு முதியவரைப் பார்க்கப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன நடக்கும்? நாலு பேர் போவார்கள், ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், நீண்ட ஜெபம், ஒரு படம், கிளம்பிவிடுவார்கள். அவருக்கு வேண்டியது பெரும்பாலும் வேறு. தனியாகப் போங்கள். வீட்டில் பார்த்துக்கொள்கிறவரிடம், ‘நீங்கள் கொஞ்சம் வெளியே போய்விட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். பல மாதங்களாக அந்த வார்த்தைக்காக அவர் காத்திருப்பார். படுக்கையில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நகத்தை வெட்டிவிடுங்கள். வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் தடித்த கால்நகமும் இளகும். சர்க்கரை நோய் இருந்தால் கால்நகத்தில் கை வைக்க வேண்டாம், சின்னக் காயமும் ஆறாமல் போகலாம். தலையணை உறையை மாற்றுங்கள். சொன்ன கதையையே மறுபடியும் சொல்வார். ‘இது போன தடவை சொன்னீர்களே’ என்று சொல்லாதீர்கள். ஜெபம் கடைசியில், சுருக்கமாக, அவருக்குக் கேட்கும்படி.

வெளியே வந்ததும் யாரிடமாவது சொல்லத் தோன்றும். நிச்சயம் தோன்றும். இடதுகை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6-ல் ஆண்டவர் சொன்னது இந்த நிமிஷத்துக்காகத்தான். படம் எடுக்காதீர்கள். சபையில் அவருடைய தேவை தெரிய வேண்டுமென்றால் தேவையை மட்டும் சொல்லுங்கள், போனவர் யார் என்பது அதில் வர வேண்டியதில்லை.

6-ம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்துக்கு எழுதிவைத்த ஒழுங்கில் சமையலறை வேலை வார முறை வைத்து எல்லாருக்கும் வரும். நோயுற்றவர்களுக்கும் வேறு அவசியமான பொறுப்பில் இருப்பவர்களுக்கும் மட்டும் விலக்கு. வாரம் முடியும்போது, முறை முடிக்கிறவரும் அடுத்துத் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். துடைத்த துணிகளையும் துவைத்து வைக்க வேண்டும். தாழ்மையை அவர் உணர்ச்சிக்கு விட்டுவைக்கவில்லை, அட்டவணையில் போட்டுவிட்டார். நமக்கும் அது நல்லது. மனம் வந்தபிறகு செய்யலாம் என்று இருந்தால், மனம் வராது.

படி 4: உங்களுக்குப் பிறர் செய்யவும் இடம் கொடுங்கள்

“நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்று பேதுரு சொன்னது தாழ்மைபோல் கேட்கும். ஆண்டவர் அதை ஏற்கவில்லை. எல்லாருக்கும் உதவி செய்துகொண்டே, தனக்கு ஒரு உதவி என்றால் ‘பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கதவை மூடுகிறவர் கொடுக்கிற இடத்திலேயே நிற்க விரும்புகிறார். கொடுக்கிற இடம் எப்போதும் மேலே இருக்கிறது. உங்களுக்குக் காய்ச்சல் என்றால் யாராவது கஞ்சி கொண்டுவரட்டும். அதிலும் நீங்கள் உதவி செய்த ஒருவர் கொண்டுவந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: பொய்த் தாழ்மையை அடையாளம் காணுங்கள்

கொலோசெயர் 2-ல் பவுல் ‘மாயமான தாழ்மை’ என்கிறார். அப்படி ஒன்று இருக்கிறது, அது ஞானம்போல் தோன்றும் என்றும் சொல்கிறார். ‘நான் ஒன்றுமே இல்லாதவன்’ என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்து, அடுத்த அரைமணி நேரமும் தன்னைப் பற்றியே பேசினால் என்ன பெயர் வைப்பது? எல்லா மகிமையும் கர்த்தருக்கே என்று கீழே அச்சடித்த சுவரொட்டியில் முக்கால்வாசி இடத்தை ஊழியரின் முகம் அடைத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

பட்டங்கள் தனிக்கதை. கிரெகொரி 590 முதல் 604 வரை ரோமின் பிஷப்பாக, அதாவது போப்பாக இருந்தார். கான்ஸ்டான்டினோபிளின் பிஷப் ‘உலகளாவிய’ தலைவர் என்ற பொருளில் ஒரு பட்டத்தைச் சூடிக்கொண்டதை எதிர்த்தவர் அவர். தம்மைத் தேவனுடைய ஊழியர்களுக்கு ஊழியன் என்று எழுதினார். நல்ல எண்ணம்தான். பிறகு அதுவும் போப்புகளின் அதிகாரபூர்வப் பட்டங்களில் ஒன்றாகிவிட்டது! தாழ்மையான பெயரைத் தேடிக் களைத்துப்போக வேண்டாம். பெயருக்கு முன்னால் உள்ளதை யாராவது விட்டுவிட்டுக் கூப்பிட்டால் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பாராட்டு வந்தால் ‘நன்றி, உங்களுக்குப் பிரயோஜனமாக இருந்ததில் சந்தோஷம்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். ‘ஐயோ, நான் எங்கே, அப்படியெல்லாம் இல்லை’ என்று மறுத்தால் எதிரே இருப்பவர் இரண்டு மடங்காகப் பாராட்டியே தீர வேண்டும். உள்ளுக்குள் பதில் சொல்ல லூக்கா 17:10 இருக்கிறது: செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்.

படி 6: பொறுப்பு கைக்கு வந்தால்

தாழ்மை வேண்டும் என்பதற்காகப் பொறுப்பை மறுத்து ஓட வேண்டாம். சபைக்குத் தலைவர்கள் வேண்டும். அப்போஸ்தலர் 6-ல் கிரேக்க மொழி பேசின விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் தாங்களே எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே சொன்னார்கள். பந்திவிசாரணைக்கும் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களைத்தான் கேட்டார்கள். சோறு பரிமாறுகிற வேலைக்கு ஆவியில் நிறைந்த ஆள் வேண்டும் என்று நினைத்த சபை அது.

பொறுப்பில் இருப்பவர்கள் இரண்டு காரியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். முதலாவது, உங்களைத் திருத்த உரிமை உள்ள இரண்டு மூன்று பேர் உங்களுக்கு இருக்கட்டும். உங்களிடம் சம்பளமோ சலுகையோ வாங்காதவர்களாக இருக்கட்டும். காணிக்கைக் கணக்கு உங்கள் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டாம். 1 பேதுரு 5 மூப்பர்களிடம் இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரிகளாக இருக்கச் சொல்கிறது. யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு மாதிரியாக இருப்பது ரொம்பக் கஷ்டம்.

இரண்டாவது, உங்களைவிடத் திறமையான ஒருவரைத் தேடிக் கொண்டுவாருங்கள். இதில் பர்னபாவுக்கு நிகர் யாருமில்லை. அந்தியோகியாவில் வேலை பெருகியபோது அவர் தர்சு பட்டணம்வரை போய், பிறகு பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். அப்போஸ்தலர் புத்தகத்தில் ஆரம்பத்தில் ‘பர்னபாவும் சவுலும்’ என்றுதான் வருகிறது. 13-ம் அதிகாரம் முடிவதற்குள் ‘பவுலும் பர்னபாவும்’ ஆகிவிடுகிறது. தான் கூட்டிவந்தவனின் பெயருக்குப் பின்னால் தன் பெயர் போனது. அதற்காக பர்னபா முகம் சுளித்ததாக லூக்கா எழுதவில்லை. பிறகு, முந்தின பயணத்தில் பாதியிலேயே விட்டுப்போன மாற்கை மறுபடியும் கூட்டிப்போவதா என்ற விஷயத்தில் இருவரும் பிரிந்தார்கள், உண்மைதான். அங்கேயும் பர்னபா நின்றது, தோற்றுப்போன ஒரு இளைஞனின் பக்கத்தில்.

நடைமுறையில் இது இப்படி இருக்கும்: நீங்கள் நன்றாகச் செய்யும் ஒரு பொறுப்பைச் சுமாராகச் செய்யும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் மேடையில் நிற்கும் நாளில் பின்வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் திருத்தம் சொல்ல வேண்டுமானால் தனியாகச் சொல்லுங்கள். ‘நான் இருந்தபோது’ என்ற வார்த்தையை எடுக்காதீர்கள்.

படி 7: எல்லை எது என்று தெரிந்திருங்கள்

தாழ்மையைப் பற்றிய போதனையைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அடிக்கிற கணவனுக்கும், பணத்தில் கைவைத்த தலைவருக்கும், பிள்ளைகளிடம் தவறாக நடந்தவருக்கும் எதிராக வாயைத் திறக்கும்போது ‘தாழ்மையாய் இரு’ என்று சொல்லி அமுக்கப் பார்ப்பார்கள். பவுல் பிலிப்பியில் சீலாவோடு விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் போடப்பட்டார். மறுநாள் இரகசியமாய்ப் போய்விடச் சொன்னபோது அவர் போகவில்லை. ரோமராகிய எங்களை நியாயம் விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். தாழ்மையைப் பற்றி அந்தப் பெரிய பகுதியை எழுதியவர் இவர்தான், அந்த ஊருக்குத்தான் எழுதினார். ஒருவர் ஆபத்தில் இருந்தால் முதலில் பாதுகாப்பு, காவல்துறையிடம் போக வேண்டியதானால் போகத்தான் வேண்டும்.

அடுத்து, ‘முடியாது’ என்று சொல்வது. எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது இயேசு கப்பர்நகூமுக்குத் திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்றார் (மாற்கு 1). கேட்டவர்களுக்கெல்லாம் சரி சொல்வதற்குப் பெயர் தாழ்மை இல்லை. யாரும் நம்மைக் குறை சொல்லக்கூடாது என்ற பயமும் அதில் கலந்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று, சபையை நடத்துகிறவர்களுக்கு. தாழ்மையான வேலைகள் எப்போதும் அதே சிலர் தலையில்தான் விழுகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் பெண்கள், வசதி குறைந்தவர்கள், புதிதாக வந்த இளைஞர்கள். அவர்கள் பாத்திரம் கழுவும்போது முன்வரிசையில் தாழ்மையைப் பற்றிய பிரசங்கம் நடக்கும். அடுத்த மாதத்துக்குப் பாத்திரம் கழுவவும் கழிப்பறை சுத்தம் செய்யவும் நாற்காலி அடுக்கவும் பெயர்ப்பட்டியல் போடும்போது, போதகர் பெயரையும் மூப்பர்கள் பெயரையும் நடுவில் எங்காவது எழுதிவிடுங்கள். அவர்களுடைய முறை வரும் நாளில் யாரும் போய் ‘நீங்கள் விடுங்கள் ஐயா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று துடைப்பத்தைப் பிடுங்க வேண்டாம்.